தக்காளி வண்டி இரண்டு முறை கூவியது

திரையில் ஒரே ஒரு குறிதான் மாறியது. டாலர் இருந்த இடத்தில் ஹேஷ் வந்து நின்றது. வாயில் போட்ட இட்லியை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஊரப்பாக்கம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அலுவலகம் போக வேண்டாத நாள். அடுப்பில் குக்கர், ஜன்னலுக்கு வெளியே செங்கல்பட்டு ரயிலின் ஹாரன், மேஜையில் ஆறிக்கொண்டிருந்த காபி. எல்லாமே வழக்கம்போலத்தான் இருந்தன. அந்த ஒரு குறியைத் தவிர.

டாலர் என்றால் நீங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண ஆள். உங்கள் அறைக்குள் மட்டும் நடமாடலாம். ஹேஷ் என்றால் நீங்கள்தான் முதலாளி. எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாஸ்வேர்டு வேண்டும். நான் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்கவில்லை. 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று ஒரு குட்டி நிரல் எழுதி ஓடவிட்டேன், அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி ஓட்டினேன். ஹேஷ். இன்னொரு முறை. ஹேஷ். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சாதம் இல்லை, களிதான்.

பழைய வாடகைக்காரர்

இந்தத் தொடரில் அடிக்கடி கெர்னல் கெர்னல் என்று எழுதுகிறேன். சேலையூரிலிருந்து ஒரு வாசகி, 'அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?' என்று கேட்டிருந்தார். முடியாதம்மா. உங்கள் போனில், டிவியில், ஏடிஎம் இயந்திரத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எந்த இடம், யார் எதைத் தொடலாம் என்று முடிவு செய்கிற நிரல் அது. சிறுசேரியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் என் பிழைப்பே அதைச் சோதிப்பதுதான்.

அன்றைக்கு நான் கண்ட ஓட்டையைச் சொல்ல வேண்டுமானால் குரோம்பேட்டைக்குப் போக வேண்டும்.

கல்யாணமான புதிதில் அங்கே வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பூட்டியிருந்த வாசல் கதவு தானாகத் திறந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் போட்ட கூச்சலில் அவர்தான் அதிகமாகப் பயந்துவிட்டார்.

"மேடம், கத்தாதீங்க. பரண் மேல என் இட்லிப் பானையை வெச்சிட்டுப் போய்ட்டேன்" என்றார்.

எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர். காலி செய்தபோது சாவியைக் கொடுத்தார். இன்னொரு சாவி அவரிடமே இருந்துவிட்டது. வீட்டுக்காரரும் பூட்டை மாற்றவில்லை. நல்ல மனிதர் என்பதால் பானையோடு போய்விட்டார்.

கெர்னலும் இப்படித்தான் நிரல்களுக்கு நினைவகத்தில் இடத்தை வாடகைக்கு விடுகிறது. காலி செய்ததும் வேறு ஆளுக்குக் கொடுக்கிறது. கேமராப் படங்களைக் கையாளும் பகுதியில் ஓர் இடத்தில் மட்டும் பழைய சாவியைச் செல்லாததாக்க மறந்திருந்தார்கள். காலி செய்துவிட்டுப் போனவன் திரும்பி வந்து, புதிதாகக் குடியேறியவரின் அலமாரியைத் திறந்து, 'இந்த வீட்டுக்கு நான்தான் சொந்தக்காரன்' என்று எழுதி வைத்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேமரா வைத்த எந்தக் கருவியும் தப்பாது.

வாய்ப்பூட்டு

இப்படி ஒன்று கிடைத்தால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பகுதியைப் பராமரிப்பவருக்கு ரகசியமாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். திருத்தம் தயாராகி, வெளியிடும் நாள் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. இதற்கு எம்பார்கோ என்று பெயர். சேதி முந்திக்கொண்டு வெளியே போனால், பூட்டை மாற்றுவதற்கு முன்பே திருடன் வந்துவிடுவான். வாக்குத் தவறியவரை அப்புறம் எந்த ரகசியக் குழுவிலும் சேர்க்க மாட்டார்கள்.

மார்ட்டின் என்று ஒருவர், ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார். அவர்தான் பராமரிப்பாளர். என் நிரலை அனுப்பினேன். சில மணி நேரத்தில் ஒற்றை வரியில் பதில் வந்தது. கடவுளே என்று ஆரம்பித்திருந்தார். வெளியிடும் நாளைக் குறித்தோம். ஒரு புதன்கிழமை.

என் மேலதிகாரிக்கு மட்டும் தெரியும். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு யாரிடமும் என்பதில் ரகுவும் சேர்த்தி.

ரகு என் கணவர். சிறுசேரி ஆபீஸ் பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம், ஆகவே வீட்டில் வா, போதான். இங்கே 'அர்' போட்டு எழுதக் காரணம், மாயவரத்தில் என் மாமியார் இந்தத் தொடரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

ரகு பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். ஒரே ஒரு பொருள்தான் அவர்களுடையது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் மாட்டும் கேமராப் பெட்டி. மணி அடித்தால் வந்திருப்பவர் முகம் போனில் தெரியும். முதலாளி சேகர். வண்டலூர்ப் பக்கத்துக்காரர். அப்பா காலத்து நிலத்தை விற்று இதில் போட்டிருந்தார்.

நான் மார்ட்டினுக்கு உறுதிமொழி அனுப்பிய அன்று சாயங்காலம் ரகு சிரித்த முகமாக வந்து ஓர் உறையை நீட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். மேலே பிள்ளையார் சுழி. கல்யாணப் பத்திரிகையைத் தோற்கடித்துவிடும். கூடுவாஞ்சேரி மண்டபத்தில் பெட்டி அறிமுகம். சேகர் சார் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள், ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அந்தப் புதனுக்கு இரண்டு நாள் முந்தைய திங்கட்கிழமை.

"அன்னிக்கே வண்டலூர்லேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எல்லா அபார்ட்மெண்ட்லயும் மாட்டிடறோம். மாட்டினதுக்கு அப்புறம் சாஃப்ட்வேர் மாத்தணும்னா ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் போகணும். அதான் எல்லாத்தையும் பக்காவா முடிச்சுட்டோம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெட்டிக்குள் ஓடுவது எந்த கெர்னல் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அத்தனை வாசல்களிலும் மாட்டப் போகிறார்கள். புதன்கிழமை அந்தப் பூட்டில் கோளாறு இருந்தது என்று உலகத்துக்கே சொல்லப் போகிறோம்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?"

"அழகா இருக்கு ரகு. மஞ்சள்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

ஒரே வீட்டில்

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் புரியவில்லை. 'அந்த முகூர்த்தம் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார். அவரும் கெர்னல் தெரிந்த ஆள், பாதி சொன்னாலே மீதியைப் பிடித்துவிடுவார். அவர் சேகர் சாரிடம் சொல்லியாக வேண்டும், சேகர் சார் மண்டபத்துக்காரரிலிருந்து மைத்துனர் வரை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டாலோ, என் வீட்டுக்காரரே ஊர் முழுக்கத் திருட்டுச் சாவியோடு பெட்டி மாட்டுவார். பிறகு எல்லோரும் கேள்வி கேட்கப்போவது அவரைத்தான்.

எங்கள் வீட்டில் என் அம்மா வாயில் எதுவும் நிற்காது. நான் பிறந்த தெருவில், யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்பது பெண்ணுக்கே அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது. தோசை வார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வார்த்தேன்.

ரகுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். நான் பக்கத்தில் போனால் லேப்டாப்பை மூடினார். போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போனார். அவருடைய செருப்பு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேய்கிற சத்தம் படுக்கையறைக் கூரையில் கேட்கும். விழா நெருங்குகிறதல்லவா, படபடப்பு என்று நினைத்தேன்.

ஓர் இரவு சாப்பிடும்போது கேட்டார். "வித்யா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே."

"சரி."

அத்தோடு ரசத்தை ஊற்றிக்கொண்டுவிட்டார்.

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சேகர் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே குரல் தெருவுக்குக் கேட்டது.

"இன்னா ரகு, இப்டி பேஜார் பண்ணிட்ட? பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபத்துக்கு சொல்லியாச்சு, இப்ப வந்து பொட்டி சூடாவுதுன்றியே! இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"

"என் தப்புதான் சார். வெயில்ல வெச்சு டெஸ்ட் பண்ணாம விட்டுட்டேன். தள்ளி வெச்சிடலாம்."

"தள்ளி வெக்கறதா? அடுத்தது ஆடி மாசம்யா! ஆவணி வரிக்கும் எவன் காத்துகினு இருப்பான்? நெலத்தை வித்து போட்டுகீறேன் ரகு. உன்ன நம்பித்தான போட்டேன்?"

ரகு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மனிதர் எதிலும் அலட்சியமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றேன். வெளியே சொன்னால் வெட்கம், அந்த நிமிஷம் எனக்கு அப்படியொரு நிம்மதி. விழா நின்றது. பெட்டி வாசலுக்குப் போகாது. பெருமாளே என்று இருந்தது.

சேகர் சார் காபியைத் தொடவில்லை. "வரேம்மா" என்று எழுந்து போய்விட்டார். அவர் கார் கிளம்பியதும் நிம்மதியெல்லாம் போய் எனக்குக் கோபம் வந்தது. "வெயில்ல டெஸ்ட் பண்ணணும்னு கூடவா தோணல? காலேஜ் பசங்க கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க ரகு. இவ்வளவு பொறுப்பில்லாம இருப்பேன்னு நான் நினைக்கவே இல்ல" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சேகர் சார் விட்டுப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

ஜன்னலிலும் காதிலும்

மறுநாள் சனிக்கிழமை, மாலை வெயில் இறங்கும் நேரம். மார்ட்டின் இந்த ரகசியத்தில் இருப்பவர்களை ஒரு குரல் அழைப்புக்குக் கூப்பிட்டிருந்தார். திருத்தம் தயார், கடைசியாக ஒருமுறை பேசிவிடலாம் என்று. இந்த அழைப்புகளில் முகம் காட்டுவதில்லை, பெயரும் போடுவதில்லை. விருந்தாளி ஒன்று, விருந்தாளி இரண்டு என்றுதான் திரையில் வரும்.

ரகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மாடிக்குப் போயிருந்தார். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். நடுநடுவே ரகு கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்று ஒரு காதில் மட்டும்.

மார்ட்டின் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இந்தக் கேமரா சர்க்யூட் போர்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவரைச் சோதனைக்குச் சேர்த்திருக்கிறேன், அவரும் ரகசியம் காப்பதாக உறுதி கொடுத்திருக்கிறார், பல நாட்களாக எனக்கு உதவுகிறார் என்றார். திரையில் விருந்தாளி மூன்று என்று ஒரு வட்டம் தோன்றியது.

அப்போது எங்கள் தெருவில் காய்கறி டெம்போ நுழைந்தது.

'வாங்கம்மா வாங்க, நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி, சாம்பார் வெங்காயம்...' தினம் கேட்கிற அதே பதிவுக் குரல். ஜன்னல் வழியாக வலது காதில் விழுந்தது.

விருந்தாளி மூன்று தன் மைக்கைத் திறந்தார். இடது காதில், ஹெட்போனில், அரை நொடி தாமதமாக அதே குரல். 'வாங்கம்மா வாங்க, நாட்டுத் தக்காளி...'

முதலில் என் மைக்தான் திறந்திருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, திருத்தத்தைப் போட்டு ஓட்டினேன், ஓட்டை அடைபட்டுவிட்டது என்றது ஓர் ஆண் குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். நேற்று அது 'என் தப்புதான் சார்' என்று சொன்னது.

கூரையைப் பார்த்தேன். செருப்பு தேய்ந்துகொண்டிருந்தது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

மார்ட்டின் சொன்னார்: அருமை, இதைக் கண்டுபிடித்தவரும் அழைப்பில் இருக்கிறார், அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று பிறகு எழுதலாம். எங்கள் பக்கத்துக் கரண்ட் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் மேலே நடந்துகொண்டிருந்தது என் ரகு. மைக்கைத் திறந்தேன்.

"ஹலோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "ஹலோ. நன்றி" என்றேன்.

கூரையில் செருப்புச் சத்தம் நின்றது.

ஹெட்போனில் யாரும் பேசவில்லை. தெருவில் தக்காளி வண்டி அடுத்த சந்துக்குத் திரும்பியது, காதிலும் திரும்பியது. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மார்ட்டின் கேட்டார். இருக்கிறது என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

குக்கர் மேடைப் பேச்சு

ரகு இறங்கி வந்தார். நான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேயறைந்ததுபோல இருந்திருப்பேன், ஏனென்றால் அவர் முதலில் எனக்குத் தண்ணீர்தான் கொடுத்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்படி?"

"மார்ட்டின் அனுப்பின டெஸ்ட் ஃபைலுக்கு அடைன்னும் அவியல்னும் பேர் வெச்சிருந்துச்சு. இந்த உலகத்துல வேற யாரு வைப்பா?"

சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. 'ஏதாவது சொல்லணுமா?' என்று ரசத்தை வைத்துக்கொண்டு கேட்டபோது இவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. பெட்டி சூடாகவே இல்லை. முகூர்த்தத்தை நிறுத்த வேறு காரணம் சொல்ல முடியாததால் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்புறம் நான் பேசினேனே, காலேஜ் பசங்க என்று, பொறுப்பில்லை என்று! அதையும் கேட்டுக்கொண்டு ஆறிப்போன காபியைக் குடித்திருக்கிறார்.

"நேத்து நான் அந்தப் பேச்சுப் பேசினேனே ரகு, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்கிட்டயா?"

"நீ மட்டும் சொன்னியா?"

தண்ணீர் டம்ளரை மேடைமேல் வைத்தேன். அவரே சொன்னார். "அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கக் கூடாது வித்யா. நீ சொல்லியிருந்தேன்னா, ரூல்படி நான் மார்ட்டினுக்குத் தெரிவிச்சிருக்கணும். உன் பேர் போயிருக்கும். கேட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கே பயமாப் போச்சு. நீ இல்லையேன்னு சொன்னதும்தான் உயிரே வந்துச்சு."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல" என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆவணி

திங்கட்கிழமை முகூர்த்தம் அதுபாட்டுக்கு வந்து போனது. புதன்கிழமை திருத்தம் வெளியானது. 'கேமராப் பகுதியில் நினைவகக் கையாளலில் சிறு திருத்தம்' என்று சப்பென்று ஒரு வரி. படிக்கிற யாரும் கொட்டாவி விடுவார்கள். வாய்ப்பூட்டு கழன்றதும் நாங்கள் செய்த முதல் காரியம், இருவருமாகச் சானடோரியம் போய்ச் சேகர் சார் முன்னால் நின்றதுதான்.

முழுக்கக் கேட்டார். மேஜைமேல் மீந்துபோன மஞ்சள் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன.

"அப்ப பொட்டி சூடாவல?" என்றார் ரகுவிடம்.

"இல்ல சார்."

"உன் வூட்டுக்கு வந்து அந்தக் கத்து கத்தினேனே, அப்பகூட வாயத் தொறக்கலியா நீ?"

ரகு ஒரு பத்திரிகைக் கட்டை எடுத்து நேராக வைத்தார். சேகர் சார் என் பக்கம் திரும்பினார். "நீ காபி எடுத்துகினு வந்து நின்னியேம்மா. உனக்கும் தெரியும்?"

"ஓட்டை தெரியும் அண்ணா. இவருக்குத் தெரியும்னு தெரியாது."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிலத்தைப் பற்றியோ முகூர்த்தத்தைப் பற்றியோ கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருடைய அதிர்ச்சி வேறு இடத்தில் இருந்தது.

"ஒரே வூடு. ஒரே சட்டி சோறு. இவ்ளோ பெரிய விஷயத்த ரெண்டு பேரும் தனித்தனியா முழுங்கிகினு கீறீங்க. என்னால முடியாதுப்பா. என் வூட்டாண்ட போய் நான் காலைல இன்னா துன்னேன்னு கேளு, அது கூட ஊருக்கே தெரியும்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆவணில மொத முகூர்த்தத்தப் பாரு ரகு. நீ கீற வரிக்கும் நம்ம பொட்டிக்கு இன்னா பயம்?"

இரண்டு குடியிருப்புகள் காத்திருக்காமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. மற்றவை நின்றன. ஆவணியில் அதே மண்டபத்தில், தேதியை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்திய அதே அழைப்பிதழோடு விழா நடந்தது. எங்கள் தெருமுனைக் குடியிருப்பு வாசலில் அந்தப் பெட்டி இருக்கிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். ரகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டி என்றுகூடச் சொல்லவில்லை. கூரையில் செருப்பு தேய ஆரம்பித்தது. ஏதோ ஒன்று நடக்கிறது. யார், எங்கே, எந்தப் பூட்டு என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை, நானும் வெளியே சொல்லாமல் என் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற பூட்டாகவே இருக்கலாம்.

தெருமுனையில் தக்காளி வண்டியின் குரல் கேட்டது. எழுதுவதை விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணா, நம்ம வீடு தாண்டற வரைக்கும் அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கறீங்களா?"

"ஏங்க்கா, ஒடம்பு சரியில்லியா யாருக்காச்சும்?"

"இல்ல. மேல மீட்டிங்."

"இன்னா மீட்டிங்?"

"தெரியாதுண்ணா" என்றேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.